ஆரோக்கியப்பச்சை நெஜமாவே களைப்புக்கு மருந்தா? அகத்தியமலை காணிகளோட மூலிகை பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

திருப்பூர்_பனியன்
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 62 வயசு, சுகர் இருக்கு, ரொம்ப வருஷமா மாத்திரை எடுத்துக்கிறாரு. கடந்த அஞ்சாறு மாசமா ஆளு சோர்ந்து சோர்ந்து உக்காந்துக்கிறாரு, மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது, கால் மரத்துப்போற மாதிரி இருக்குங்கிறாரு. சித்தப்பா ஒரு வீடியோ அனுப்பியிருக்காரு, அதுல அகத்தியமலையில காணின்னு சொல்ற ஆதிவாசிங்க சாப்பிடுற ஆரோக்கியப்பச்சைன்னு ஒரு மூலிகை, அத சாப்பிட்டா நாள் முழுக்க சோறு தண்ணி இல்லாம மலை ஏறலாம், கேரளா ஜின்செங்னு சொல்றாங்க. கீழயே போன் நம்பர் குடுத்து 'ஆரோக்கியப்பச்சை கிழங்கு பொடி' 100 கிராம் 900 ரூபாய்னு விக்கிறாங்க. அப்பாவுக்கு வாங்கித் தரலாமான்னு யோசிக்கிறேன். இது நெஜமா, யாராச்சும் சாப்பிட்டிருக்கீங்களா, பக்க விளைவு எதும் இருக்கா?

மலையேறி
மூலிகை நெஜம் ப்ரோ. போனக்காடு வழியா அகஸ்தியர்கூடம் ட்ரெக் போனப்ப கூட வந்த காணி கைடு ஒருத்தர் செடிய காட்டினாரு. தரையோட ஒட்டி இருக்கும், இதய வடிவத்துல பளபளன்னு இலை. பிஞ்சுக் காய பச்சையா மென்னா களைப்பே தெரியாதுன்னாரு. ஆனா பறிக்க விடல, பாத்துட்டு வந்தோம். பொடி பத்தி தெரியாது.

தாவரப்பித்து
தாவரவியல் எம்எஸ்சி படிச்சவன், மேற்குத் தொடர்ச்சி மலைச் செடிங்கதான் நமக்கு உயிர், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

செடியோட பேரு ட்ரைக்கோபஸ் ஜெய்லானிகஸ், நம்ம பக்கம் இருக்கிறது திருவாங்கூரிகஸ்ங்கிற துணை இனம். இலங்கையிலயும் மலேயாவுலயும் இதோட இன்னொரு துணை இனம் இருக்கு. அகத்தியமலைய சுத்தி கேரளா பக்கமும் தமிழ்நாடு பக்கமும் ஈரக்காட்டுல, ஓடைக்கரையில, வெயில் நேரடியா படாத மரநிழல்ல மட்டும் வரும். முழங்கால் உயரம் கூட வராது. மெல்லிசா ஒரு தண்டு, அது தலையில ஒரே ஒரு இலை, இலைக்காம்பு தண்டோட சேர்ற இடத்துல கருஞ்சிவப்பா சின்னச்சின்ன பூ. காய் மூணு பட்டையா சிறகு வச்ச மாதிரி இருக்கும். குடும்பம் பாத்தா வள்ளிக்கிழங்கு குடும்பம்தான், ஆனா வள்ளிக்கிழங்கு மாதிரி பெருசா கிழங்கு வைக்காது, மண்ணுக்கடியில மெல்லிய வேர்த்தண்டுதான் ஓடும். இத கவனிங்க, பின்னாடி வர்றேன்.

இது வெளியுலகத்துக்கு வந்த கதை 1987 டிசம்பர்ல. இந்தியா முழுக்க பழங்குடி மக்களோட தாவர அறிவ பதிவு பண்ற ஒரு திட்டம் அப்ப நடந்துச்சு, அதுக்குத் தலைமை டாக்டர் புஷ்பாங்கதன். அவரு குழு அகத்தியமலைக்குப் போறப்ப வழிகாட்ட காணிக்காரங்க சில பேர் கூட போனாங்க. ஏத்தத்துல படிச்சவங்க எல்லாம் நாக்கு தள்ளி உக்காந்துட்டாங்க, கூட வந்த காணிங்க மட்டும் இடையில இடையில ஏதோ ஒரு காய மென்னுக்கிட்டே களைப்பில்லாம நடந்துட்டு இருந்தாங்க. இவங்களுக்கும் குடுத்தாங்க, சாப்பிட்டதும் தெம்பா இருந்துச்சாம். எந்தச் செடின்னு கேட்டப்ப உடனே சொல்லல, அது வெளியாளுக்குச் சொல்லக்கூடாதுன்னு இருந்த விஷயம். ரொம்பப் பேசி, தப்பா பயன்படுத்த மாட்டோம்னு வாக்கு குடுத்த பிறகுதான் செடிய காட்டினாங்க.

அதுக்குப் பிறகு லேப்ல எலிங்களுக்கு குடுத்து தண்ணில நீந்த விட்டு பாத்தாங்க. சாறு குடுத்த எலிங்க அதிக நேரம் களைக்காம நீந்துச்சு. கல்லீரலுக்கு பாதுகாப்பு குடுக்குதான்னும் எலியிலதான் பாத்தாங்க. அப்புறம் திருவனந்தபுரம் பக்கம் பாலோடு தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையத்துல 'ஜீவனி'ன்னு ஒரு மருந்து உருவாக்குனாங்க. அதுல ஆரோக்கியப்பச்சை மட்டும் இல்ல, அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி மூணும் சேரும். 1995 நவம்பர்ல கோயம்புத்தூர் ஆர்ய வைத்ய ஃபார்மசிக்கு 7 வருஷத்துக்கு தயாரிக்க உரிமம் குடுத்தாங்க, 10 லட்சம் ரூபா கட்டணம், விற்பனையில 2 சதவீதம் ராயல்டி. அதுல பாதி காணி மக்களுக்குன்னு முடிவாச்சு.

இப்ப உங்க பொடிக்கு வர்றேன். காணிங்க சாப்பிடுறது பிஞ்சுக் காய். மருந்துக்கு எடுத்தது இலை, ஏன்னா காயில இருக்கிற குணம் இலையிலயும் இருக்குன்னு லேப்ல தெரிஞ்சது, காய் கிடைக்கிறது கம்மி. கிழங்குங்கிற பேச்சே இல்ல. இந்தச் செடியில 100 கிராம் பொடி பண்ற அளவுக்கு கிழங்கே கிடையாது. அப்ப அந்தப் பாக்கெட்ல இருக்கிறது வேற ஏதோ செடி.

திருப்பூர்_பனியன்
ரொம்ப நன்றிங்க, இவ்ளோ விவரம் எதிர்பாக்கல. அப்ப கிழங்கு பொடி வேணாம். ஜீவனி வாங்கலாமா? இல்ல இலைய வாங்கி காயவச்சு குடுக்கலாமா?

சித்தமருத்துவர்_நெல்லை
பிஎஸ்எம்எஸ் முடிச்சு பாளையங்கோட்டைல ப்ராக்டிஸ் பண்ணுதேன். தம்பி, மருந்து பேச்ச கொஞ்சம் தள்ளி வைங்க. நீங்க சொன்னத மறுபடி படிச்சுப் பாருங்க. சுகர், பல வருஷமா மாத்திரை, சோர்வு, மூச்சு வாங்குது, கால் மரத்துப்போகுது. அந்த மாத்திரை மெட்ஃபார்மினா? மெட்ஃபார்மின் ரொம்ப வருஷம் எடுத்தா பி12 குறைஞ்சு போகுறது நெறைய பேருக்கு நடக்குது. பி12 குறைஞ்சா ரத்தசோகை வரும், சோர்வு வரும், கால் மரத்துப்போகும். சுகர்னால நரம்பு பாதிச்சாலும் கால் மரத்துப்போகும். மூச்சு வாங்குறது இதயத்தால கூட இருக்கலாம், சுகர் உள்ளவங்களுக்கு நெஞ்சு வலியே இல்லாம இதயத்துல பிரச்சனை இருக்கும். ஹீமோகுளோபின், பி12, தைராய்டு, கிரியாட்டினின், மூணு மாச சுகர், ஒரு ஈசிஜி, இவ்வளவும் முதல்ல பாருங்க. சித்த மருத்துவன் நானே சொல்லுதேன், நாடி பாக்குறதோட ரத்தமும் பாத்தாத்தான் அப்பாவுக்கு எது ஒத்துவரும்னு சொல்ல முடியும்.

அடுத்தது, மலையில ஏறுற காணி ஆளு ஓட்டம் நடையில வளர்ந்த ஒடம்பு, அவரு ஏத்தத்துல வர்ற களைப்புக்கு நாலு காய் மெல்லுதாரு. உங்க அப்பாவோட களைப்பு நோயால வர்ற களைப்பு. ரெண்டும் ஒண்ணு இல்ல. எலி தண்ணில நீந்துனதுக்கும் 62 வயசு சுகர் நோயாளிக்கும் நடுவுல ரொம்ப தூரம் இருக்கு.

ஜீவனியில அமுக்கரா இருக்கு, அது சிலருக்கு தைராய்டு ஹார்மோன ஏத்தும், சுகர கொஞ்சம் எறக்கும், மாத்திரையோட சேந்தா லோ சுகர் வரலாம். அமுக்கராவால கல்லீரல் பாதிச்ச கேஸுங்களும் பதிவாயிருக்கு. அதனால கேட்காம குடுக்காதீங்க. நிலவேம்பு குடிநீர் மாதிரி நூல்ல ஒன்பது சரக்கும் அளவும் எழுதி வச்ச மருந்துன்னா எங்களுக்கு ஒரு பிடி இருக்கு. ஆரோக்கியப்பச்சை எங்க பாடத்துல வர்ற மூலிகை கிடையாது, அது காணி மக்களோட வாய்வழி வைத்தியம். எவ்வளவு, எத்தன நாள், யாருக்கு கூடாதுன்னு அவங்க பெரியவங்களுக்குத்தான் தெரியும்.

கடைசியா ஒண்ணு. மூலிகைக் கிழங்குன்னு பேரு தெரியாத பொடிய யாரும் தொடாதீங்க. செங்காந்தள் கிழங்கு காட்டோரத்துல தன்னால வளருது, பாக்க சாதாரண கிழங்கு, உள்ள கோல்ச்சிசின் விஷம், உயிரே போயிரும்.

குமரிக்காரன்
டாக்டர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. எனக்க வீடு பேச்சிப்பாறைக்கு கீழ, சின்ன வயசுல இருந்தே காணிக்காரங்க கூட பழக்கம், மிளகு தேன் எல்லாம் அவங்ககிட்டதான் வாங்குவோம். ஆரோக்கியப்பச்சைக்கு பேரு வந்த பிறகு நடந்தத சொல்லுதேன். யாவாரிங்க ஆளு விட்டு இலைக்கு வெலை பேசுனாங்க. இலைய மட்டும் கிள்ளுனா செடி திரும்ப துளிர்க்கும், ஆனா அவசரத்துக்கு பறிக்கிறவன் வேரோட பிடுங்கிருவான். ஓடைக்கரையில பாய் விரிச்ச மாதிரி நின்ன எடமெல்லாம் மொட்டையா போச்சுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. கேரளாவுலயும் இதே கதைதான், காணி குடும்பங்கள வச்சு வீட்டுப்பக்கம் வளக்க ஒரு திட்டம் போட்டாங்க, பிறகு ஃபாரஸ்ட் டிபார்ட்மென்ட் காட்டுப்பொருள் எடுத்துட்டு போகக்கூடாதுன்னு தடுத்துச்சு, மருந்து கம்பெனிக்கு இலை வரத்து நின்னு போச்சு.

ஆடி அமாவாசைக்கு காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போற வழியிலயும் குற்றாலம் சீசன்லயும் மூலிகைன்னு பரப்பி வச்சு விக்கிறத பாத்திருப்பீங்க. அதுல ஆரோக்கியப்பச்சைன்னு எவனாவது நீட்டுனா, ஒண்ணு அது அந்தச் செடி இல்ல, இல்ல அந்தச் செடிதான்னா புலிகள் காப்பகத்துக்குள்ள இருந்து திருட்டுத்தனமா பிடுங்குனது. ரெண்டுல எதுன்னாலும் வாங்காதீங்க.

மாடித்தோட்டம்_அக்கா
காட்டுல பறிக்கக்கூடாதுன்னா நாம வீட்ல வளக்கலாமே? நர்சரில கேட்டா வரவழைச்சு தர்றேன்னு ஒருத்தர் சொல்றாரு. சென்னைல மாடித் தோட்டம், பச்சை வலை போட்டிருக்கேன், கற்பூரவல்லி தூதுவளை எல்லாம் நல்லா வருது.

தாவரப்பித்து
அக்கா, தூதுவளை வெயில்லயும் வரும், வேலியிலயும் வரும். இது அப்படிக் கிடையாது. அதோட எடம் மேல மூணு அடுக்கு மரம் மூடுன காடு, கீழ இலை மக்கி மெத்தை மாதிரி இருக்கிற மண், பக்கத்துல ஓடையோட ஈரக்காத்து. சென்னை மே மாசத்துல மாடியில வலைக்கு அடியில ஒரு வாரம் தாங்காது. திசு வளர்ப்புல கன்னு உண்டாக்க முடியும்னு ஆராய்ச்சி நிலையங்கள் காட்டியிருக்கு. ஆனா காட்டோட நிலைமைக்கு வெளிய வளக்குறப்ப அந்த மருந்துச் சத்து அதே அளவு இருக்கிறதில்லன்னு பாலோடுல சொல்லியிருக்காங்க. அதனாலதான் காட்டை ஒட்டின காணி குடியிருப்புகள்ல வளக்க திட்டம் போட்டாங்க.

நர்சரிக்காரர்கிட்ட தாய்ச்செடி எங்க இருந்து வந்துச்சுன்னு கேளுங்க. பதில் சொல்ல முடியலன்னா காட்டுல இருந்து வந்ததுதான்.

கரிசல்காடு
நான் கொஞ்சம் மாத்திப் பேசுறேன், கோவிச்சுக்காதீங்க. ஒரு செடியில களைப்ப போக்குற குணம் இருக்குன்னா அது கோடிக்கணக்கான ஜனத்துக்குப் போய்ச் சேரணும். யார்கிட்டயும் சொல்லாதே, தொடாதே, பாக்காதேன்னா அது எப்படி நியாயம்? அம்மைக்கு ஊசி கண்டுபிடிச்சவன் ஊருக்குள்ள மட்டும்னு வச்சிருந்தானா? காட்டுலயே பூட்டி வச்சா அந்த பெரியவங்க காலத்தோட அறிவும் போயிரும், யாவாரி பிடுங்கி செடியும் போயிரும். அரசாங்கமே ஏக்கர் கணக்குல வளத்து மலிவா குடுத்தா திருட்டு நிக்கும்ல? கொரியாக்காரன் ஜின்செங்க உலகம் முழுக்க விக்கிறான், நாம எலி நீந்துச்சுன்னு பேசிட்டு இருக்கோம்.

மயிலாறு
இங்க எல்லாரும் எங்களப் பத்திப் பேசுறீங்க, அதனால எழுதுறேன். நான் காணி. பாபநாசத்துக்கு மேல மலையில பொறந்தவன், இப்ப டவுன்ல வேலை, மாசத்துக்கு ரெண்டு தடவ வீட்டுக்குப் போவேன்.

எங்க தாத்தா காலத்துல தேன் எடுக்கப் போனா விடியுமுன்ன கெளம்பி ராத்திரிதான் திரும்புவாங்க, சில நேரம் பாறையிலயே தங்கிருவாங்க. கையில பெருசா சாப்பாடு கொண்டு போக முடியாது, மரவள்ளி அவிச்சது கொஞ்சம் இருக்கும். வழியில காய் இருந்தா ரெண்டு மூணு பறிச்சு மெல்லுவாங்க. கொத்தா உருவ மாட்டாங்க. பழுத்தத விட்டுருவாங்க, அதுல விதை விழுந்துதான் அடுத்த செடி. எந்த ஓடையில எப்ப காய்க்கும்ங்கிறது நடந்து நடந்து தெரிஞ்சுக்கிறது, யாரும் உக்காந்து பாடம் நடத்துனது கிடையாது. சின்னப் புள்ளைங்களுக்கும் வீட்ல படுத்திருக்கிற நோயாளிக்கும் இதக் குடுத்து நான் பாத்ததில்ல. நோய்னா எங்க வைத்தியர், அவர பிலாத்தின்னு சொல்லுவோம், அவர்கிட்டத்தான் போவாங்க, அவர் வேற மருந்து குடுப்பாரு, பாட்டுப்பாடி சாத்துன்னு ஒரு சடங்கு நடத்துவாரு. களைப்புக்குக் காய், நோய்க்கு பிலாத்தி. வீடியோவுல ரெண்டையும் ஒண்ணாக்கி சர்வரோக நிவாரணின்னு விக்கிறாங்க.

கரிசல்காடு அண்ணா கேட்டதுக்கு வர்றேன். யாருக்கும் போகக்கூடாதுன்னு நாங்க சொல்லல. 1987ல காட்டுனதே எங்க ஆளுங்கதான், குடுத்துதான் இருக்கோம். குடுத்த பிறகு என்ன நடந்துச்சுன்னு பாருங்க. மருந்து வந்துச்சு, பேப்பர் வந்துச்சு, 2002ல புஷ்பாங்கதன் சாருக்கு ஐநா ஈக்குவேட்டர் விருது வந்துச்சு. அவர நான் குறை சொல்லல, அந்தக் காலத்துல சட்டமே இல்லாதப்ப பழங்குடிக்கு பாதிப் பங்குன்னு எழுதி வச்ச மனுஷன், அது பெரிய விஷயம். ஆனா 1995லயே கேரளாவுல சில பிலாத்திங்க சேந்து எங்க அறிவ தனியார் கம்பெனிக்கு விக்காதீங்கன்னு முதலமைச்சருக்கு கடிதம் எழுதுனாங்க. அவங்கள யாரும் முதல்லயே கூப்பிட்டுக் கேக்கல. வழிகாட்டியா போன ரெண்டு மூணு பேர் சொன்னா ஒரு சமுதாயமே சம்மதிச்சதா அர்த்தமா? அந்தப் பாதிப் பங்க வாங்க வேண்டிய எங்க டிரஸ்ட் பதிவானது 1997ல, ஒப்பந்தம் போட்டு ரெண்டு வருஷம் கழிச்சு. பணம் கைக்கு வந்தது 1999ல.

இன்னொண்ணு, அந்த டிரஸ்ட் பேரே கேரள காணி சமுதாய க்ஷேம டிரஸ்ட். நாங்க மலைக்கு இந்தப் பக்கம். ஒரே சனம், பொண்ணு குடுத்து பொண்ணு எடுக்கிறோம், அதே செடி, அதே காய், அதே பாட்டு. நடுவுல மாநில எல்லைன்னு கோடு போட்டது அரசாங்கம். கோட்டுக்கு அந்தப் பக்கம் பங்கு, இந்தப் பக்கம் எதுவும் இல்ல.

ஏக்கர் கணக்குல அரசாங்கம் வளக்கணும்னு சொன்னீங்க. வளக்கட்டும், காட்ட ஒட்டி எங்க குடியிருப்புல எங்கள வச்சு வளக்கட்டும், கூலியாளா இல்ல, பங்காளியா. எங்க வீட்டு ஓரத்துல நாங்க நட்டு வளத்தத நாங்களே கீழ கொண்டு வந்து வித்தா கேஸ் போடுவாங்களோங்கிற பயத்துலதான் இப்ப இருக்கோம். அத மொதல்ல சரிபண்ணணும்.

மலையேறி ப்ரோ, உங்க ப்ரொஃபைல்ல அந்தச் செடி போட்டோ போட்டு எடத்தையும் டேக் பண்ணியிருக்கீங்க. எடம் மட்டும் எடுத்துருங்க, கேட்டுக்கிறேன்.

மலையேறி
எடுத்துட்டேன் ப்ரோ. கூட வந்தவங்க க்ரூப்லயும் சொல்லிட்டேன், அவங்களும் எடுக்கிறாங்க.

கரிசல்காடு
மயிலாறு தம்பி, படிச்சேன். அந்த மலைக்கோடு விஷயம் எனக்கு இப்பத்தான் தெரியுது. பங்காளியா வளக்கணும்னு நீங்க சொல்றதும் நான் சொல்றதும் ஒரே திசைதான். ஆனா கேள்வி இன்னும் அப்படியே இருக்கு, மருந்து சனங்களுக்கு எப்படிப் போகும்? மனுஷங்ககிட்ட ஒழுங்கா சோதனை பண்ணாம இன்னும் எத்தன வருஷம் எலிக்கதையே சொல்லிட்டு இருப்பாங்க? 1987ல இருந்து கணக்குப் பாருங்க.

சட்டம்_படிக்கிறேன்
உள்ள வரலாமா. இந்த ஒப்பந்தம் நடந்தப்ப இந்தியாவுல இதுக்குன்னு சட்டம் கிடையாது. 1992 ரியோ மாநாட்டுல உயிர்ப்பன்மய உடன்படிக்கை வந்துச்சு, அதுல மரபு அறிவு வச்சிருக்கிற மக்களோட பலன பகிர்ந்துக்கணும்னு இருந்துச்சு, நம்ம நாட்டுச் சட்டம் வந்தது 2002ல. நடுவுல 1995லயே நடந்ததாலதான் காணி ஒப்பந்தத்த உலகம் முழுக்க பாடமா எடுக்கிறாங்க. 2010ல பலன பகிர்ந்துக்கிறதுக்குன்னே நகோயா நெறிமுறைன்னு ஒரு சர்வதேச ஒப்பந்தம் வந்தப்பவும் இந்தக் கதை மேற்கோள் காட்டப்பட்டுச்சு. ஆனா பாடமாகுறது வேற, அந்த மக்களுக்கு தொடர்ந்து வருமானமாகுறது வேற.

இப்ப நிலைமை என்னன்னா, வெளிநாட்டு ஆளுங்களோ கம்பெனியோ செடிய இல்ல அது சம்பந்தப்பட்ட அறிவ எடுக்கணும்னா தேசிய பல்லுயிர் ஆணையத்துகிட்ட அனுமதி வாங்கணும், ஆஃபீஸ் சென்னை தரமணியிலதான் இருக்கு. உள்நாட்டு யாவாரம்னா மாநில பல்லுயிர் வாரியம். 2023ல சட்டத்தத் திருத்துனாங்க. அதுல ஆயுஷ் மருத்துவர்களுக்கும், நூல்ல எழுதப்பட்ட மரபு அறிவுக்கும், வளத்த மூலிகைக்கும் விலக்கு நிறைய குடுத்துட்டாங்க. நூல்ல இருக்கிறது, வாயில இருக்கிறதுன்னு ரெண்டா பிரிச்சதுல எனக்கு பெரிய கவலை இருக்கு. டாக்டர் சொன்ன மாதிரி ஆரோக்கியப்பச்சை காணிகளோட வாய்வழி அறிவு. நாளைக்கு யாரோ அத ஒரு புத்தகத்துல எழுதி அங்கீகாரம் வாங்கிட்டா பங்கு குடுக்க வேண்டியதில்லன்னு வாதாடலாம். ஒவ்வொரு பஞ்சாயத்துலயும் அந்த ஊர் செடி கொடி, அதப் பத்தின மக்களோட அறிவு எல்லாத்தையும் பதிவு பண்ற மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதணும்னு சட்டத்துல இருக்கு. மயிலாறு அண்ணா, உங்க பஞ்சாயத்துல எழுதியிருக்காங்களா, எழுதுனப்ப உங்க பெரியவங்கள கேட்டாங்களான்னு பாருங்க. எல்லாத்தையும் அதுல எழுதணும்னு இல்ல, எது வெளிய தெரியணும்னு நீங்களே முடிவு பண்ணலாம். 2006 வன உரிமைச் சட்டத்துல சிறு வனப்பொருள் மேல உரிமையும் இருக்கு, கிராம சபைதான் அதுக்கு அடிப்படை.

சித்தமருத்துவர்_நெல்லை
கரிசல்காடு அண்ணாச்சி கேட்டது நியாயமான கேள்வி. எலிக்குப் பிறகு மனுஷனுக்குப் போகணும்னா ஒரே செடி, ஒரே அளவு, ஒரே தரம்னு சரக்கு தொடர்ந்து வரணும். இங்க சரக்கே வரல. காட்டுல எடுக்க முடியாது, வெளிய வளத்தா சத்து மாறுது, ஜீவனியில நாலு மூலிகை சேந்திருக்கிறதால எது வேலை செஞ்சுதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. பணம் போடுறவங்களும் அமுக்கரா மாதிரி வயல்ல விளையிற மூலிகைக்குத்தான் போடுதாங்க. மயிலாறு சொன்ன மாதிரி குடியிருப்புல வளக்குறது சரியா நடந்தாத்தான் சோதனைக்கும் வழி பொறக்கும். அந்த மக்கள ஓரங்கட்டிட்டு மருந்து மட்டும் வேணும்னா மருந்தும் கிடைக்காது.

குமரிக்காரன்
இதே மலையில இன்னொரு செடி உண்டு, அமிர்தபலா. பாறை இடுக்குல வளரும், இலை அரசிலை மாதிரி, கிழங்கு நன்னாரி மாதிரி வாசம். காணிங்க வயித்துப்புண்ணுக்கும் ஒடம்பு தேத்தவும் எடுப்பாங்க. 1978ல அதுக்கு தாவரவியல் பேரு வச்சப்ப நம்ம தாவரவியல் விஞ்ஞானி ஜானகி அம்மாள் நெனைவா ஜானகியான்னு வச்சாங்க. உலகத்துலயே அகத்தியமலை பக்கம் மட்டும்தான் இருக்கு, இப்ப அழியிற நெலமை. ஆரோக்கியப்பச்சைக்காவது பேரு கெடச்சுது, நாலு பேர் பேசுதாங்க. இது கிழங்கு எடுக்கிற செடி, எடுத்தா செடியே போச்சு. இதுக்கும் வீடியோ போட ஆரம்பிச்சுட்டாங்க, அதான் நெஞ்சு பதறுது.

தாவரப்பித்து
ஆமா குமரிக்காரன் அண்ணா, அது ரொம்ப ஆபத்தான நிலைமை. இலை, காய் எடுக்கிற மூலிகையும் கிழங்கு, வேர், பட்டை எடுக்கிற மூலிகையும் ஒண்ணு கிடையாதுன்னு மூலிகை வாங்குற ஒவ்வொருத்தரும் தெரிஞ்சுக்கணும். மாகாளிக்கிழங்குக்கும் இதே கதைதான், ஊறுகாய்க்காக எல்லா மலையிலயும் தோண்டித் தோண்டி இப்ப தேடுனாலும் கெடைக்கிறது கஷ்டம்.

நெல்லை மலைக் காணிகளோட மருத்துவச் செடிகள பத்தி கவுதலைப் பக்கம் போய் எடுத்த ஆய்வு ஒண்ணு 2005ல வந்திருக்கு. அத படிச்சா இவங்க வைத்தியம் ஒரு செடியில நிக்கலன்னு புரியும். காயத்துக்கு, பாம்புக்கடிக்கு, வயித்துக்கு, பிரசவத்துக்கு அப்புறம் தாய்க்குன்னு தனித்தனியா செடிங்க. நம்ம ஆளுங்க ஒரே ஒரு செடிய பிடிச்சு ஜின்செங்னு பேரு வச்சு ஓடுறாங்க.

மயிலாறு, ஒரு சந்தேகம். காய் எந்த மாசம் கிடைக்கும்னு கேக்கல, அது வேணாம். செடி இப்ப உங்க பக்கம் முன்ன மாதிரி இருக்கா குறைஞ்சிருக்கா?

மயிலாறு
உள்ள காட்டுல இருக்கு. குடியிருப்பு பக்கத்துல நான் சின்னப் பையனா இருந்தப்ப பாத்த அளவு இல்ல. ஆளு பிடுங்குனது ஒரு காரணம், மழை தப்புறதுல ஓடை சீக்கிரம் வத்திருது, அதுவும் ஒரு காரணம். பன்னி கிண்டிப் போடுறதும் உண்டு. இன்னொண்ணு, எங்க பசங்க இப்ப தேனுக்குப் போறது கம்மி, ரப்பர் பால் வெட்டப் போறாங்க, ஹாஸ்டல்ல தங்கி படிக்கிறாங்க, படிக்கட்டும், அது வேணும். ஆனா நடக்காதவனுக்கு ஓடை தெரியாது. என் தம்பிக்கு செடி தெரியும், எந்தக் காய விடணும்னு தெரியாது. போன லீவுல தாத்தா கூட அவன அனுப்பி வச்சேன்.

பல்லுயிர்ப் பதிவேடு பத்தி சொன்னதுக்கு நன்றி. இது வரைக்கும் எங்க குடியிருப்புல யாரும் வந்து கேட்ட மாதிரி தெரியல. அடுத்த கிராம சபைக்கு ஊர்ப்பெரியவர் மூட்டுக்காணிய கூட்டிட்டுப் போய் கேக்கலாம்னு இருக்கேன். என்ன கேக்கணும்னு ஒரு பக்கத்துல எழுதித் தர முடியுமா?

சட்டம்_படிக்கிறேன்
கண்டிப்பா அண்ணா. தனி மெசேஜ்ல அனுப்புறேன், பொதுவுல வேணாம்.

திருப்பூர்_பனியன்
எல்லாருக்கும் அப்டேட். டாக்டர் சொன்ன டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு. மாத்திரை மெட்ஃபார்மின்தான். ஈசிஜி நல்லா இருக்கு, தைராய்டு நார்மல், பி12 ரொம்பக் கம்மி, ஹீமோகுளோபின் 9.1. ஊசி ஆரம்பிச்சிருக்காங்க, மெட்ஃபார்மின நிறுத்தாம பி12 சேத்துக்க சொல்லியிருக்காங்க. சித்தப்பாகிட்ட இந்த இழைய அப்படியே அனுப்பினேன், முழுசா படிச்சுட்டு அந்த வீடியோவ க்ரூப்ல இருந்து டெலீட் பண்ணிட்டாரு. அப்பாவும் மயிலாறு அண்ணா எழுதுனத வாசிக்கச் சொல்லி கேட்டாரு. தேன் வேணும்னா உங்க ஆளுங்ககிட்ட நேரா வாங்க வழி இருக்காங்கண்ணா? அப்பாவுக்கு இல்ல, வீட்ல மத்தவங்களுக்கு.

சித்தமருத்துவர்_நெல்லை
சந்தோஷம் தம்பி. ஊசிய நடுவுல விட்டுராதீங்க, கால் மரப்பு போக சில மாசம் ஆகும், உடனே போகலன்னு வேற மருந்து தேடிப் போயிராதீங்க. மூணு மாசம் கழிச்சு பி12, ஹீமோகுளோபின் ரெண்டையும் மறுபடி பாருங்க. சைவம்னா பாலு, தயிர், மோர் தெனமும் இருக்கட்டும். அசைவம் சாப்பிடுவார்னா முட்டையும் மீனும் சேருங்க.

மயிலாறு
தேன் இப்ப இல்லண்ணா, எடுத்ததும் சொல்றேன். வனக்குழு மூலமா ரசீதோட வர்றத மட்டும் வாங்குங்க, கீழ ரோட்டோரத்துல எங்க பேரச் சொல்லி விக்கிறத வாங்க வேணாம். மிளகு இருக்கு, எங்க வீட்டுக் கொடியில விளைஞ்சது, அது வேணும்னா மெசேஜ் பண்ணுங்க.